அது போர் செய்தது இல்லை

யாழ்ப்பாணத்தில் போரைப் பற்றிக் கதைக்கலாம். ஷெல் விழுந்ததை, பங்கருக்குள் படுத்ததை, இடம்பெயர்ந்ததை, காணாமல் போன பிள்ளையை, எல்லாவற்றையும் கதைக்கலாம். கேட்கிறவர் தலையாட்டுவார், பிறகு தன் கதையைத் தொடங்குவார். விறாந்தையில் இருந்து இரண்டு பேரும் அழுதாலும் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். அந்தக் கதைகள் சொல்லப்பட வேண்டியவை, இன்னும் சொல்லி முடியவில்லை. ஆனால் அதே விறாந்தையில் இருந்துகொண்டு ஒரு பெண், "எனக்கு ஒன்பது வயதிலை எங்கடை சொந்தக்காரர் ஒருத்தர் என்னோடை பிழையா நடந்தவர்" என்று தொடங்கினால், தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள்.

அந்தப் பெண் நான்தான். படம் கீறுகிறேன், துணியில் தைக்கிறேன், மனநலம் பற்றிப் பாடசாலைகளிலும் மாதர் சங்கங்களிலும் போய்க் கதைக்கிறேன். இவை எல்லாவற்றையும் ஒரே காரணத்துக்காகத்தான் செய்கிறேன்: வீட்டுக்குள் நடந்ததையும் அந்த விறாந்தையில் வைத்துக் கதைக்க முடியவேண்டும்.

என் அண்மைய வேலைகள் நுளம்பு வலையில் தைத்தவை. பழைய வலைகளை ஆக்களிடம் கேட்டு வாங்கி, தோய்த்துக் காயவைத்து, துண்டுகளாக வெட்டி, அவற்றில் சிவப்பு நூலால் கதவுக் கொழுக்கிகளைத் தைக்கிறேன். வலையில் தைப்பது சேலையில் தைப்பது மாதிரி இல்லை. நூலை இறுக்கினால் சுற்றியுள்ள கண்ணிகள் எல்லாம் அந்தப் புள்ளியை நோக்கி இழுபட்டுச் சுருங்கிவிடும், பிறகு நேராக்க முடியாது. தளர விட்டால் கொழுக்கியின் வளைவு தொய்ந்துபோகும். தையல் போகாத இடத்திலும் இழுபட்ட தடம் தெரியும். அதனால்தான் வலையை விட்டு வேறு துணிக்கு நான் போகவில்லை.

நகரில் நடந்த ஒரு காட்சியில் இந்த வலைகளை விளக்குக்கு முன்னால் தொங்கவிட்டிருந்தோம். கொழுக்கிகளின் நிழல் சுவரில் பெரிதாக விழுந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு வந்து, "முகாம் வாழ்க்கையை வடிவாக் காட்டியிருக்கிறியள் பிள்ளை, இடப்பெயர்வுதானே?" என்றார்.

"இல்லை சேர். ஒரு வீட்டுக் கதவு. உள்பக்கத்துக் கொழுக்கி."

அவர் கெட்ட மனிதர் இல்லை. முகம் மாறியது, "ஓ" என்றார், பக்கத்துப் படத்துக்குப் போனார். பின்னால் நின்ற ஒரு பெட்டை, பல்கலைக்கழக வயதுதான் இருக்கும், நகரவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கேட்டாள்: "கொழுக்கி எவ்வளவு உயரத்திலை இருந்தது அக்கா?"

"எனக்கு எட்டாத உயரத்திலை."

நடந்ததை இதற்கு மேல் விவரமாக எழுதப்போவதில்லை. என்னை நம்புவதற்கு விவரம் தேவைப்படுகிறவர்களுக்காக நான் எழுதவில்லை. எங்கே, எப்போது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் போருக்கும் வீட்டுக்கும் இடையிலான முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

1995 ஒக்டோபர் 30. அந்தத் தேதியை எங்களுடைய ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை. இராணுவம் நெருங்க, யாழ் நகரும் சுற்றுவட்டமுமான வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பிக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்த சனத்துக்குள் நானும் அம்மாவின் சட்டையைப் பிடித்தபடி போனேன். பிறகு ஒரு வீட்டுக்குள் ஐந்தாறு குடும்பம். பெரியவர்கள் நிவாரண அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்தச் சொந்தக்காரர் முன்வந்தார். பங்கர் வெட்டியவர் அவர், கிணற்றில் எல்லோருக்கும் தண்ணீர் அள்ளி ஊற்றியவர் அவர். அவரைப் போல உதவியான மனிதர் இல்லை என்று அந்த வளவே சொன்னது.

அடுத்த ஆண்டு நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பினோம். அவரும் வந்துபோனார். ஷெல் சத்தம் இல்லாத மத்தியானங்களிலும் அது நடந்தது. ஆகவே, "என்ன செய்யிறது, போர் எங்களை இப்பிடி ஆக்கிப்போட்டுது" என்ற வசனத்தை என் கதைக்குமேல் போர்த்த நான் விடுவதில்லை. போர் அவருக்கு இடம் கொடுத்தது, மறைவு கொடுத்தது, நேரம் கொடுத்தது. செய்தது அவர். போரே வராத ஊர்களிலும் இந்த மாதிரி ஆக்கள் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பதின்ம வயதில் நான் வகுப்பில் மயங்கி விழத் தொடங்கினேன். காலைப் பிரார்த்தனையில் நிற்கும்போது கை விறைக்கும், காது அடைக்கும், பிறகு ஒன்றும் தெரியாது. இரத்தம் சோதித்தார்கள், இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். சாத்திரியார் சனி என்றார். கோயிலில் நூல் கட்டினார்கள். கோயிலை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தத் திருநீற்றைப் பூசிக்கொண்டு படுத்த இரவுகளில் எனக்குப் பயம் குறைந்தது உண்மை. ஆனால் வைத்தியர், சாத்திரியார், ஐயர், வகுப்பாசிரியர் எல்லோருமாகச் சேர்ந்து என்னிடம் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. "உனக்கு ஆரையாவது கண்டாப் பயமா இருக்கோ?"

எங்கள் சனத்தின் துன்பம் உடம்பின் வழியாகத்தான் வாய் திறக்கும் என்பதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதிவந்திருக்கிறார். நெஞ்சுக்குள் எரிவு, தலைக்குள் சூடு, உடம்பெல்லாம் உளைவு, ஓயாத பெருமூச்சு. இவற்றோடு வருகிறவரின் மனதைப் பார்க்கவேண்டும் என்று போர் நடுவிலேயே வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் ஆசிரியருக்கும் கற்றுக்கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். சாந்திகம் போன்ற உளவளத்துணை (கவுன்சலிங்) நிலையங்கள், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவு, யாழ் போதனா வைத்தியசாலையின் கிளினிக் எல்லாம் அப்படிப்பட்ட உழைப்பில் நிலைத்தவை. இத்தனை அழிவுக்குள்ளும் உளவளத்துணை என்ற ஒன்றைச் சாதாரண சனத்துக்குத் தெரிந்த விஷயமாக்கியிருக்கிறோம். அதில் எனக்குப் பெருமை உண்டு.

இருந்தும் 2004 சுனாமிக்குப் பிறகும், 2009இல் போர் முடிந்த பிறகும் வந்து குவிந்த உளசமூகத் திட்டங்களில் நான் வேலை செய்தபோது நிரப்பிய படிவங்களை நினைத்துப் பார்க்கிறேன். எத்தனை தரம் இடம்பெயர்ந்தீர்கள், குடும்பத்தில் உயிரிழப்பு உண்டா, அங்கவீனம் உண்டா, வீடு சேதமா. எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. வீட்டுக்குள்ளேயே தெரிந்த ஆளால் நடந்தது என்று எழுத ஒரு கட்டமும் இருக்கவில்லை. கட்டம் இல்லாததை எந்த அறிக்கையும் எண்ணாது. அறிக்கையில் இல்லாததற்கு யாரும் காசு ஒதுக்கமாட்டார்கள்.

இத்தனைக்கும் போரின் காயமும் வீட்டுக்குள் பட்ட காயமும் உறவுள்ளவை என்று உளமருத்துவம் எப்போதோ சொல்லிவிட்டது. அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹேர்மன், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களிலும் சிறைபட்டவர்களிலும் காணப்படுவதும், வீட்டுக்குள் நெடுங்காலம் வதைபட்ட பெண்களிலும் பிள்ளைகளிலும் காணப்படுவதும் ஒரே குடும்பத்துக் காயங்கள் என்று 1992இல் எழுதினார். தப்பிப்போக வழியில்லாத இடத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் வதை, தன்னைப் பற்றிய நினைப்பையே குலைக்கிறது. கோபத்தையும் பயத்தையும் ஆள முடியாமல் ஆக்குகிறது. நெருங்கி வருகிற எவரையும் நம்ப விடாமல் செய்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாட்டில் இதற்குத் தனி இடமே கிடைத்துவிட்டது. போரின் காயத்தை இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்துவைத்திருக்கிற யாழ்ப்பாணம்தான் இதை முதலில் அடையாளம் கண்டிருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. கையில் அறிவு இருந்தது, கண்ணைத் திருப்பத்தான் விருப்பம் இருக்கவில்லை.

அம்மாவிடம் நான் பதினேழு வயதில் சொன்னேன். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல், "இதை இதோடை விடு பிள்ளை, உனக்குப் பின்னாலை தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள்" என்றார். கலியாணம், குடும்பப் பெயர், சொந்தத்துக்குள் பகை. அந்த ஒரு வசனத்துக்குள் எல்லாம் இருந்தது. அவர் என்னை நம்பவில்லை என்று இல்லை. நம்பியதால்தான் அப்படிச் சொன்னார். அன்றிலிருந்து அந்த ஆள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா அதை எப்படிச் செய்தார் என்று இன்றுவரை சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்த அளவில் கதவைச் சாத்தினார். எனக்கு வேண்டியிருந்தது வேறு. அது அவருக்கும் ஒருவரும் கொடுத்திராத ஒன்று.

இருபத்தைந்து வயதளவில் நித்திரை முற்றாகப் போய்விட்டது. என் மச்சாள் ஒருத்திதான் என்னைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "விசர் எண்டு ஆரும் சொன்னா நான் பாத்துக்கொள்ளுறன், நீ ஏறு" என்று ஸ்கூட்டரை முடுக்கினாள். வைத்தியர் முதலில் கேட்டது நித்திரையைப் பற்றித்தான், பிறகு சாப்பாட்டைப் பற்றி. குளிசை தொடங்கினார்கள். வாய் வறண்டது, உடம்பு கனத்தது, சில கிழமைகளுக்குப் பிறகு நாலைந்து மணித்தியாலம் தொடர்ந்து படுக்க முடிந்தது. கிளினிக் கொப்பியை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். உளவளத்துணையாளர் பல மாதங்களாக என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. யன்னலோரக் கதிரையை எனக்கு விட்டுவிட்டுக் கதவுக்குத் தூரமாகத் தான் இருந்தார். நான் எப்போது வேண்டுமானாலும் எழும்பிப் போகலாம் என்பதை அந்தக் கதிரைகளே எனக்குச் சொல்லின. பிறகு துண்டு துண்டாக நானே சொன்னேன்.

இதை எழுதக் காரணம் உண்டு. "ஓவியம் வரைஞ்சு சுகமாகினவா" என்று என்னை மேடைகளில் அறிமுகம் செய்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அது உண்மை இல்லை, ஆபத்தானதும்கூட. என்னைத் தூக்கி நிறுத்தியது மருந்து, நித்திரை, ஒழுங்காகக் கிடைத்த உளவளத்துணை, ஸ்கூட்டர் ஓட்டிய மச்சாள். படிப்படியாகச் சோறு இறங்கியது, சிரிப்பு வந்தது, அதற்குப் பிறகுதான் ஊசியைப் பிடிக்கும் அளவுக்குக் கை நடுங்காமல் நின்றது. கலை எனக்குச் செய்தது வேறு. நடந்த எல்லாவற்றிலும் முடிவெடுத்தவர் அவர். எந்த நேரம், எந்த அறை, எவ்வளவு நேரம். வலையில் எந்தக் கண்ணியில் ஊசி இறங்கவேண்டும் என்பதை நான் முடிவெடுக்கிறேன். குத்தி, பிடிக்காவிட்டால் அவிழ்க்கிறேன். மருந்து எடுக்கவேண்டிய பிள்ளையின் கையில் வர்ணப் பெட்டியை மட்டும் கொடுத்து அனுப்பும் ஆசிரியர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

நுண்கலை படித்த காலத்தில் எனக்குப் பிடித்துப்போனவள் இத்தாலிய ஓவியை ஆர்தெமீசியா ஜென்திலெஸ்கி. 1611இல், பதினேழு வயதில், தகப்பனின் நண்பரும் அவளுக்கு ஓவியம் கற்பிக்க வந்தவருமான அகொஸ்தீனோ தாஸ்ஸியால் வன்புணரப்பட்டவள். 1612இல் உரோமாபுரியில் வழக்கு நடந்தபோது, அவள் சொல்வது உண்மைதானா என்று சோதிக்க விரல்களில் கயிறு சுற்றி முறுக்கினார்கள். ஓவியம் தீட்டுகிறவளின் விரல்கள். முறுக்க முறுக்க அவள், "உண்மை, உண்மை" என்றே சொன்னாள் என்று வழக்குப் பதிவில் இருக்கிறது. வாக்குமூலத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த வீட்டின் மேல்மாடியில் தூட்சியா என்றொரு பெண் குடியிருந்தாள், ஆர்தெமீசியாவுக்குத் துணை மாதிரி. அன்று கூப்பிட்டபோது அவள் வரவில்லை.

பிறகு ஆர்தெமீசியா வரைந்த ஒரு விவிலியக் காட்சி: யூதித் என்ற பெண், படையெடுத்து வந்த தளபதியின் தலையை வெட்டுவது. இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவும் அதே காட்சியை முன்னர் வரைந்திருக்கிறார். அவருடைய படத்தில் வேலைக்காரி ஒரு கிழவி. தலையை வாங்க விரித்த துணியோடு பக்கத்தில் நிற்கிறாள், அவ்வளவுதான். ஆர்தெமீசியாவின் படத்தில் வேலைக்காரி இளம்பெண். இரண்டு கையாலும் அந்த ஆளைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். அவள் பிடிக்காவிட்டால் யூதித்தால் ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் படத்தைப் பழிவாங்கல் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. வாளைவிட அந்த இரண்டாவது பெண்ணின் கைகளையே நான் பார்க்கிறேன். கூப்பிட்டும் வராத தூட்சியாவின் இடத்தில், வந்து தோள் கொடுக்கிற ஒருத்தியை ஆர்தெமீசியா வைத்துவிட்டாள்.

என் மனநல வேலை முழுவதும் அந்த இரண்டாவது ஆளைத் தேடித்தான். சித்தி, வகுப்பாசிரியை, ரியூசன் வாத்தி, கிராம சேவையாளர், பிரதேச செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். பாதிக்கப்பட்ட பிள்ளையைத் துணிவாகக் கதை என்று சொல்லிக்கொடுக்கும் பட்டறைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. பிள்ளை ஏற்கெனவே பல விதமாகச் சொல்லியிருக்கும். கேட்கிற இடத்தில் ஆள் இருக்கவேண்டும்.

பாடசாலைகளில் நான் செய்விக்கும் ஒன்று: காலை எழும்பியதில் இருந்து இரவு படுக்கும்வரை போய்வரும் இடங்களைப் பிள்ளைகள் ஒரு தாளில் கீறி, பிடித்த இடத்துக்குப் பச்சை, பிடிக்காத இடத்துக்குச் சிவப்பு பூசவேண்டும். கணிதப் பாட அறை பல தாள்களில் சிவப்பாக இருக்கும். ஒரு பொடியன் (ஊரையும் வகுப்பையும் சொல்லமாட்டேன்) பாடசாலையைப் பச்சையாக்கினான், குளத்தடியைப் பச்சையாக்கினான், நாய் கலைக்கும் ஒழுங்கையைக்கூடப் பச்சையாக்கினான். வீட்டுக்குள் பின்பக்கத்து அறை ஒன்றை மட்டும் சிவப்புப் பென்சில் தாளைக் கிழிக்கும் வரைக்கும் அழுத்தியிருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பாசிரியை தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், இடைவேளையில் பக்கத்தில் போய் இருந்தார். அந்த ஆசிரியை ஏற்கெனவே எங்களோடு பயிற்சி எடுத்தவர். மிச்சம் அவனுடைய கதை, நான் சொல்லக்கூடாது.

பொடியங்களுக்கு நடப்பதை எங்கள் ஊர் இன்னும் ஆழமாகப் புதைக்கிறது. "ஆம்பிளைப் பிள்ளைதானே, மறந்திடுவான்" என்பார்கள். சட்டம்கூட அவர்களை மறக்கவில்லை. நாங்கள் நாவற்குழிப் பாலம் கடந்த அதே 1995இல்தான் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றம் சேர்க்கப்பட்டது. அது ஆண், பெண் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது என்பதற்காக வழி சுகம் என்று நான் பொய் சொல்லமாட்டேன். பொலிஸில் ஒருமுறை, சட்ட வைத்திய அதிகாரியிடம் ஒருமுறை, நீதிமன்றத்தில் பலமுறை என்று பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி வருகிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. கயிறு இல்லாவிட்டாலும் விரல் முறுக்கப்படுகிறது. அதற்காகத்தான் ஒவ்வொரு படியிலும் கூடப்போக ஒரு பெரிய ஆள் வேண்டும் என்கிறேன்.

ஆசிரியர் பயிற்சிகளில் நான் எழுதிப் போடும் வசனங்கள் எங்கள் பேச்சிலேயே இருக்கும். "நீ சொன்னது நல்லது. நான் நம்புறன். இதிலை உன்ரை பிழை ஒண்டும் இல்லை." இதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டும். "ஏன் அப்பவே சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்கக்கூடாது. ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணக்கூடாது, ஏனென்றால் சொல்லித்தான் ஆகவேண்டும். சிறுவர் பற்றிய முறைப்பாட்டுக்கு 1929. பெண்களுக்கு 1938. மனம் தாங்கமுடியாமல் போகும் யாருக்கும், எந்த நேரத்திலும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926. தமிழில் கதைக்கலாம்.

போன முறை ஓர் ஆசிரியை எழும்பிக் கேட்டார்: "சரி, பிள்ளை சொல்லுது, நாங்களும் அறிவிக்கிறம். பிறகு என்ன நடக்குது? பிள்ளையைத் தூக்கிச் சிறுவர் இல்லத்திலை விடுறாங்கள். செய்த ஆள் வீட்டிலை இருந்து சோறு தின்னுறான். அதுக்குப் பிறகு எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?"

அரங்கில் இருந்த எல்லோருக்கும் அப்படி ஒரு பிள்ளையைத் தெரிந்திருந்தது. இல்லத்தில் விடுவது சில வேளை தவிர்க்க முடியாதது. ஆனால் அதுவே முதல் வழியாக இருப்பது அநியாயம். பள்ளியையும் சிநேகிதங்களையும் படுக்கையையும் இழப்பது பிள்ளை என்றால், தண்டனை அதற்குத்தான் கிடைத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை நான் பையில் கொண்டு திரிவது இதற்காகத்தான். அதன்கீழ் நீதவான் ஒரு பாதுகாப்புக் கட்டளை போடலாம். செய்த ஆள் அந்த வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது, பிள்ளையின் பாடசாலைப் பக்கமும் வரக்கூடாது என்று அதில் தடுக்கலாம். தகப்பன், சகோதரன், மாமன், சித்தப்பன் போன்ற நெருங்கிய உறவுகளுக்கும் அது பொருந்தும். குற்றவியல் வழக்கு அதன்பாட்டில் தனியாக நடக்கும். அந்தக் கட்டளைக்கு வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

"பொறுங்கோ மிஸ், பிள்ளைக்காக ஆர் மனுப் போடலாம்? அதைத் திருப்பிச் சொல்லுங்கோ" என்று பின் வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. கொப்பிகள் திறந்தன. நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள்: தாய் அல்லது தகப்பன், பாதுகாவலர், பிள்ளை யாரோடு வசிக்கிறதோ அவர், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அதிகாரம் கொடுத்த ஒருவர், பொலிஸ் உத்தியோகத்தர்.